எண்ணிக்கைக்கு எட்டாத பெண்கள்

பாலியல் வாணிபத்துக்காக ஏமாற்றியும் அச்சுறுத்தியும் கடத்தப்படும் பெண்களைக் கணக்கிடுதல் எளிதன்று. வீடு வீடாகச் சென்று வினவும் குடிமதிப்பு அலுவலருக்கு அவர்கள் அகப்படார். எனவே அறிஞர் மறைமுக வழிகளை நாடுகின்றனர். அவற்றுள் ஒன்றை ஈண்டு நோக்குவோம்.

2014இல் பிரித்தானிய உள்நாட்டு அமைச்சின் தலைமை விஞ்ஞான ஆலோசகர் பேர்ணாட் சில்வமன் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். 2013இல் அந்நாட்டில் அடிமைப்படுத்தப்பட்டோர் எனப் பதிவுக்கு வந்தோர் 2,744 பேர். மொத்தத் தொகையோ 10,000க்கும் 13,000க்கும் இடைப்பட்டது என்றார். பொலிசார், உள்ளூராட்சி மன்றங்கள், தொண்டு நிறுவனங்கள் முதலியோரின் பட்டியல்களை ஒப்பிட்டே இம்முடிவு பெறப்பட்டது. இம்முறை குளத்து மீனை எண்ணும் முறையை ஒத்தது. ஒரு பட்டியலில் 100 பேர், மற்றொன்றில் 50 பேர், இரண்டிலும் 10 பேர் எனின், முதற்பட்டியல் ஐந்திலொரு பங்கினரையே கண்டுள்ளது; ஆகவே மொத்தம் 500 எனக் கொள்ளப்படும்.

இம்முயற்சியின் பயனை மறுப்பதற்கில்லை. நவீன அடிமைமுறைச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் ஆராயப்பட்ட வேளையில், கண்டதே மொத்தம் என்னும் அலட்சியத்துக்கு இது மறுப்பாயிற்று. ஆயினும் குறைகளைச் சுட்டுதல் நம் கடன்.

பட்டியல்கள் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். பொலிசார் மீட்ட பெண்ணைத் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தால், இரு பட்டியல்களிலும் அவள் பெயர் ஏறும், மதிப்பீடு சுருங்கும். கணிதம் இதனை ஓரளவு திருத்தலாம். ஆனால், நாடுகடத்தப்படுவோமெனப் பொலிசாருக்கு அஞ்சி, ஊரிலுள்ள பெற்றோரைக் கடன்காரன் துன்புறுத்துவான் எனத் தொண்டரிடமும் வாய்திறவாத பெண் எப்பட்டியலிலும் இடம்பெறாள். வெளிப்பட்டவளைக் கொண்டே அவளும் அளக்கப்படுகிறாள். மேலும், அத்தொகையில் வயலிலும் வீட்டிலும் அடிமைப்பட்டோர் அடங்குவர்; ஆடவரும் அடங்குவர். பாலியல் வாணிபத்துக்கு ஆளான பெண்களின் தொகையாக அதனை எடுத்தாளுதல் பிழை.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2000இல் ஏற்ற பலேர்மோ நெறிமுறையின்படி, வஞ்சனையோ வன்முறையோ கையாளப்பட்டவிடத்து, அவள் இசைந்தாள் என்னும் வாதம் செல்லாது. எனினும், பதிவு செய்யும் அதிகாரி அவளை விலைமகளென்றோ சட்டவிரோதக் குடியேறியென்றோ எழுதிக்கொண்டால், கண்ணெதிரே நின்றும் அவள் மறைந்தவளாகிறாள். அவளை மறைத்தவன் கடத்தற்காரன் மட்டுமல்லன். பேனா பிடித்தவனும் அதற்குப் பொறுப்பாளியே.

எண்ணும் முறையைச் செப்பஞ்செய்தல் அறிஞர் பணி. வாய்திறந்தால் சிறையும் நாடுகடத்தலும் இல்லையென்ற உறுதியை அவளுக்கு அளித்தல் அரசின் கடமை. அவ்வுறுதி கிட்டும்வரை, எம்மதிப்பீட்டைக் கையிலெடுப்பினும், அது எவருடைய பட்டியல்களிலிருந்து பிறந்தது என்பதையே நாம் முதலில் வினவுதல் வேண்டும்.