சுடுபுனமும் நம்முடைய தீயும்

சமீபமாக வாசிக்கக் கிடைக்கும் கவிதைகளில் தீ மிகுந்துவிட்டது. பற்றுகிறது, கனல்கிறது, விழுங்குகிறது. எது எரிகிறது என்பதுதான் தெரிவதில்லை. நான் எழுதியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழியைப் பாரதி மேல் போடுவது சுலபம். ஆனால் அவனுடைய அக்கினிக்குஞ்சுக்கு ஒரு மரப்பொந்து இருக்கிறது. காடு எரிந்து அடங்கியும் விடுகிறது. அதற்குப் பிறகுதான் தீயின் வீரத்துக்கு அளவு உண்டா என்ற கேள்வி வருகிறது. பொந்தையும் அடங்குதலையும் விட்டுவிட்டு வீரத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

குறுந்தொகை 291இல் கபிலர் ‘சுடுபுனம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். மரத்தை வெட்டிச் சாய்த்து, எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் தினை விதைத்தவர்களின் உழைப்பு முழுவதும் அதில் இருக்கிறது. கவிதை அங்கே தங்குவதில்லை. தழைத்த தினைக்குப் போய், கிளியோட்டும் கொடிச்சிக்குப் போய், கிளிகள் எழவில்லையே என்று அவள் அழுத கண்ணில் போய் நிற்கிறது. ‘சுட்ட கொல்லை’ என்று இறந்தகாலமாக விரித்துக்கொள்வதே இங்கே பொருத்தம். ஆனாலும் வினைத்தொகை காலத்தை மறைத்தே வைக்கிறது: சுட்ட, சுடுகின்ற, இனியும் சுடும் புனம். ஒரு நாள் வேடிக்கையல்ல, பிழைப்பு என்பது சொல்லிலேயே தெரிகிறது.

கடன் விஷயமாக மேலாளரோடு ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனபோது கரிமூட்டம் பார்த்தேன். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு மூடி, மேலே ஈரமண் பூசி, உள்ளே தீ வைக்கிறார்கள். நாட்கணக்கில் புகைகிறது. காவலுக்கு இருந்தவர் வாளித் தண்ணீரோடு சுற்றிச் சுற்றி வந்து, மண் வெடித்த இடத்தையெல்லாம் பூசிக்கொண்டிருந்தார். வெடிப்பில் காற்று புகுந்தால் விறகு கொழுந்துவிட்டு எரிந்து சாம்பலாகும், கரி மிஞ்சாது. ராத்திரியும் தூக்கம் கிடையாதாம். “தீ வெளிய தெரிஞ்சா போச்சு சார்” என்றார்.

இதைப் படித்துவிட்டு யாராவது கரிமூட்டத்தைப் பற்றியே கவிதை எழுதி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. நான் கேட்பது அதுவல்ல. தீயைக் கண்டவுடன் நமக்கு வருகிற பரவசத்தை, அந்த மனிதர் முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்க முடியுமா என்பதுதான்.

அன்றிரவு லாட்ஜில் என் கவிதையொன்றை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு வரிகளில் தீ ஐந்து இடத்தில் வருகிறது. விறகு ஓரிடத்திலும் இல்லை. இந்த இதழுக்கு அனுப்பியிருந்த கவிதை அது. போடவேண்டாம் என்று மறுநாள் ஆசிரியருக்குக் கார்டு எழுதிவிட்டேன்.