தா பொன்டேயைக் கேட்பது எப்படி?

மோட்ஸார்ட்டின் ஓபராக்களை முதன்முதலில் கேட்பவர்கள் இசையை மட்டும் பின்தொடர்கிறார்கள். ஒருமுறையாவது கதையைப் பின்தொடர்ந்து பாருங்கள். 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவின் பிரதியை மொழிபெயர்ப்போடு கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் அங்கத்தின் கடைசி இருபது நிமிடங்களை மட்டும் போடுங்கள். அந்தப் பிரதியை எழுதியவர் லொரென்ஸோ தா பொன்டே.

மனைவியின் உள்ளறையில் கெருபினோ என்ற பையன் ஒளிந்திருப்பதாகப் பிரபுவுக்குச் சந்தேகம். வாளோடு நிற்கிறார். மேடையில் கணவனும் மனைவியும்தான். கதவு திறந்தால் வெளியே வருவது பணிப்பெண் சுசன்னா! பையன் முன்பே ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் குதித்துவிட்டான். ஃபிகாரோ வந்ததும் நால்வர். பின்னாலேயே, யாரோ குதித்துப் பூச்செடியை நாசமாக்கிவிட்டதாகத் தோட்டக்காரன் வருகிறான். அவனை அனுப்பிவிட்டு மூச்சு விடுவதற்குள் வழக்கோடு மூன்று பேர் நுழைய, முடிவில் ஏழு குரல்கள். வருகிற ஒவ்வொருவரும் அதுவரை சொன்ன பொய்யைக் குலைக்கிறார்கள். உடனே இன்னொரு பொய் தேவைப்படுகிறது. இசை வேகமெடுப்பதற்கான காரணத்தைக் கதையே கொடுத்துவிடுகிறது.

மூலம், வியன்னாவில் மேடையேற்றத் தடை செய்யப்பட்டிருந்த பொமார்ஷேயின் நாடகம். அதன் பதினாறு பாத்திரங்களைத் தா பொன்டே பதினொன்றாகச் சுருக்கினார். பிரபுக்களைச் சாடும் ஃபிகாரோவின் நீண்ட பேச்சையும் எடுத்துவிட்டார். கூர்மை மழுங்கிவிட்டதாகச் சிலர் வருந்துவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊழியர்கள் பார்த்திருக்க, பிரபு மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் கடைசிக் காட்சி போதும்.

வேடம் மாறுவது தா பொன்டேயின் வாழ்க்கையிலேயே இருந்தது. 1749-இல் செனெடாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மதம் மாறியபோது ஊர் ஆயரின் பெயரே அவர் பெயரானது. பாதிரியாரானார், பெண் தொடர்புகளால் 1779-இல் வெனிஸிலிருந்து நாடுகடத்தப்பட்டார்.

அடுத்து, மோட்ஸார்ட்டுக்காகத் தா பொன்டே எழுதிய 'தோன் ஜியோவான்னி'யில் பட்டியல் பாட்டு. எஜமானின் காதலிகளைப் பணியாள் லெபொரெல்லோ கணக்கு வாசிக்கிறான்: இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, ஸ்பெயினில் 1,003. எதிரே நின்று கேட்பவள், அந்தக் கணக்கில் ஒருத்தியான எல்விரா. அவள் முகத்தை நினைத்துக்கொண்டு கேளுங்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும். பாட்டுகளுக்கு நடுவே ஹார்ப்சிகார்ட் துணையோடு பேச்சுபோல ஓடும் பகுதிகளையும் தாண்டிவிடாதீர்கள். பொய்கள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

1826-இல் இதே ஓபராவை நியூயார்க்கில் கார்சியா என்பவரின் ஓபராக் குழு மேடையேற்றியது. அப்படிச் செய்யும்படி அவர்களைத் தூண்டியவர், அந்நகரில் இத்தாலிய மொழி கற்பித்துக்கொண்டிருந்த 77 வயது தா பொன்டே.