அவரை: இங்கே பொரியல், அங்கே பால்கறி

ஆடியில் கொல்லையோரம் ஊன்றிய அவரை புரட்டாசி வரைக்கும் பந்தல் முழுக்கக் கொடியோடும். பூ மட்டும் வைக்காது. மலட்டுக் கொடி என்று பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து பிடுங்காதீர்கள். நாட்டுக் கொடியவரை பகல் குறுகிய பிறகே பூக்கும் இனம். கார்த்திகையில் பூவெடுத்தால் மார்கழி, தை இரண்டு மாதமும் காய்த்துத் தள்ளும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் புதுக்கோட்டைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். இங்கே கம்பு நட்டு முள் பரப்பிய பந்தல். அங்கே வீட்டு வேலியே கொடிக்குப் போதும்.

சட்டிக்கு வந்ததும் வழி பிரிகிறது. இங்கே ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் பிஞ்சு அவரை என்றால் பொரியல். நாரெடுத்துப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து வேகவைத்து, இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்த் துருவல். முற்றிய காயின் கொட்டை கருவாட்டுக் குழம்புக்கோ, பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்புக்கோ போகும்.

யாழ்ப்பாணத்தில் நம் பொரியல் போலத் துருவல் போட்ட வறையும் உண்டு. ஆனாலும் அவரையின் முழு ருசி பால்கறியில்தான். காயை இரண்டு மூன்றாக முறித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சளோடு தேங்காயின் இரண்டாம் பாலில் அவியவிடுவார்கள். பிறகு முதற்பால் விட்டு, ஒரு கொதியில் இறக்கித் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிவார்கள். இரண்டு ஊருமே புளிப்பைக் கடைசிக்குத்தான் வைக்கின்றன, காரணம் வேறு. நம் குழம்பில் புளியை முந்தி ஊற்றினால் கொட்டை வேகாமல் விறைத்துக்கொள்ளும். அங்கே அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய் பிழிந்தால் பால் திரைந்துவிடும்.

நம் கீரமங்கலம் வட்டாரம் தென்னைக்குப் பேர்போனது. இவ்வளவு தேங்காய் விளையும் ஊரில் அவரைக்குப் பால் பிழியும் வழக்கம் வராமல் போனது எனக்குக் குறையாகவே படுகிறது. கற்றுக்கொள்ளக் கடல் தாண்ட வேண்டியதில்லை. தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை என்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

என்னைக் கேட்டால் பிஞ்சுக்குப் பால்கறி, முற்றியதற்குக் கருவாட்டுக் குழம்பு. எதைச் சமைத்தாலும், நல்ல கொத்து ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிடுங்கள். விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைத்து, அடுத்த ஆடிக்கு அக்கம்பக்கத்தாருக்கும் நான்கு கொடுங்கள்.