ஐம்பது அடியும் அறுபத்தைந்து வருடமும்

பர்மியத் தண்டனைச் சட்டத்தின் 71ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. ஒருவன் இன்னொருவனைத் தடியால் ஐம்பது தரம் அடிக்கிறான். அடிக்கொரு வருடமென ஐம்பது வருடம் கொடுப்பதா? கூடாது, மொத்த அடிக்கும் ஒரே தண்டனைதான் என்கிறது வெள்ளையன் எழுதிய அந்தச் சட்டம்.

2008 நவம்பரில் மின் கோ நாயிங் முதலிய முன்னாள் மாணவர் தலைவர்களுக்கு 65 வருடம். மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் ஒரே பிரிவில் நான்கு குற்றச்சாட்டு, தலைக்குப் பதினைந்து. மிச்சம் ஐந்து, சட்டவிரோத அமைப்புக்காக. நான்கும் நான்கு தடிகளா, ஒரே தடியின் நான்கு அடிகளா? தனித்தனிதான் என்றே வைப்போம். நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, தண்டனைகள் ஏககாலத்தில் ஓடட்டும் என்று நீதிபதி சொல்லலாம். சொல்லாவிட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாய் நீளும். அந்த மௌனத்தில்தான் 15 என்பது 60 ஆகிறது.

அலோன் தொழிற்சாலையில் என்னருகே நிற்கும் பையன்கள் இதை ராணுவக் கொடூரம் என்கிறார்கள். அரைவாசி சரி. தமிழ்நாட்டு முத்துராமலிங்கம் வழக்கில் ஆயுள்தண்டனைகளை வரிசையாய் அடுக்கியது சிவில் நீதிமன்றம்தான். மனிதனுக்கு ஆயுள் ஒன்றே என்று இந்திய உச்சநீதிமன்றம் தடுத்தது 2016இல். வருடக்கணக்கான தண்டனையை ஆயுளுக்கு முன்னால் வைக்க அங்கும் இடமுண்டு. இங்கே 2022 டிசம்பரில் ஆங் சான் சூகிக்கு வழக்கு வழக்காய்க் கூட்டியது 33 வருடம். அப்போது அவருக்கு வயது 77.