பையில் பூ முறியாத சட்டை

கப்பல் சுற்றுலாவுக்குத் துணி எடுக்கும் இளைஞர்களுக்கு என் முதல் சிபாரிசு ஹவாய் சட்டைதான். ஹொனலுலு தையற்கடைகளில் ஜப்பானியக் கிமோனோத் துணியிலும் தைக்கப்பட்ட சட்டை இது. 1930களில் எல்லரி சுன் என்ற கடைக்காரர் ‘அலோஹா’ என்ற பெயரில் விற்று, அந்தப் பெயரைப் பதிவும் செய்துகொண்டார். கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கப் பயணிகள் ஆசையாக வாங்கிப் போனார்கள்.

தரம் பார்க்க, நெஞ்சுப் பையைப் பாருங்கள். துணியில் ஓடும் செம்பருத்தி இதழ் பையின் ஓரத்தில் முறியாமல் அப்படியே தொடர வேண்டும். பை இருப்பதே சட்டென்று தெரியக்கூடாது. பூவுக்குப் பூ பொருத்தி வெட்டத் துணியும் கூடுதலாகச் செலவாகும், பொறுமையும் வேண்டும். அந்தக் கைவேலைக்காகவே நான் இந்தச் சட்டையைக் கொண்டாடுகிறேன். பித்தான் கொட்டாங்குச்சியில் செய்ததென்றால் இன்னும் விசேஷம்.

கீழ்விளிம்பு நேராக வெட்டியிருக்கும். உள்ளே செருக வேண்டாம். காலர் விரிந்து படிந்திருப்பதால் கடற்காற்று கழுத்தில் தாராளமாகப் படும். சட்டையில் இத்தனை நிறம் இருக்கும்போது கால்சட்டை ஒரே நிறத்தில் இருக்கட்டும். இரவு விருந்துக்கு முழுக்கால்சட்டை அவசியம். பெரும்பாலான கப்பல்களில் அறைக்குள் இஸ்திரிப்பெட்டிக்கு அனுமதியில்லை. அதனால் கசங்காத துணியாகப் பார்த்து எடுங்கள்.