எருக்கூடை எந்த வயலுக்குப் போகிறது?

ஒரே குடும்பத்துக்கு இரண்டு வயல்கள். ஒரே ஆண்டு, ஒரே மழை, ஒரே பயிர். ஒன்றைக் கணவன் பார்க்கிறான். மற்றதை மனைவி பார்க்கிறாள். மனைவியின் வயலில் விளைச்சல் குறைவு. காரணம் என்ன? அவளுக்கு உழவு தெரியாது என்று சொல்லிவிடலாமா?

இக்கேள்வியில் ஆர்வம் உள்ள வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய அறிக்கை ஒன்று உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2011-இல் வெளியிட்ட அவ்வறிக்கை, வேளாண்மையில் பெண்களின் நிலையை ஆராய்கிறது. வளரும் நாடுகளின் வேளாண் உழைப்பாளர்களில் சராசரியாக 43 சதவீதத்தினர் பெண்கள் என்கிறது அது. நிலம், விதை, உரம், கடன் ஆகியவை ஆண்களுக்குக் கிடைக்கும் அளவு இவர்களுக்கும் கிடைத்தால், இவர்களுடைய வயல்களின் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் உயரும்; அந்நாடுகளின் மொத்த வேளாண் உற்பத்தி 2.5 முதல் 4 சதவீதம் கூடும். பசித்திருப்போர் எண்ணிக்கை 12 முதல் 17 சதவீதம் குறையும். இதுவே அறிக்கை போட்ட கணக்கு.

இக்கணக்கின் முதற்பகுதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள புர்க்கினா ஃபாசோவில் கணவனும் மனைவியும் தனித்தனி வயல்களில் பயிரிடுவது வழக்கம். நம் ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் இயங்கும் இக்ரிசாட் ஆய்வு நிறுவனம், 1980-களின் முற்பகுதியில் அங்குள்ள சிற்றூர்களில் தகவல்களைத் திரட்டியது. பொருளியல் அறிஞர் கிறிஸ்டோபர் உட்ரி அவற்றை ஆராய்ந்து 1996-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், ஒரே பயிரில், பெண்களின் வயல்கள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக விளைந்திருந்தன. காரணம் திறமைக் குறைவு அன்று. வீட்டிலிருந்த எரு அனேகமாக முழுவதும் ஆணின் வயலுக்கே போயிற்று. ஆண்களின் உழைப்பும் அங்கேயே கூடுதலாகச் செலவாயிற்று.

இதிலுள்ள அறிவியலைக் கவனியுங்கள். எருவே காணாத மண்ணில் இடும் முதல் கூடை மிகுந்த பலன் தரும். பத்தாவது கூடையின் பலன் அதைவிடக் குறைவு. ஆகவே பத்தாவது கூடையை மனைவியின் வயலுக்குத் திருப்பியிருந்தாலே குடும்பத்தின் மொத்த விளைச்சல் கூடியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வால் ஏறத்தாழ 6 சதவீத விளைச்சல் வீணாவதாக உட்ரி மதிப்பிட்டார்.

இதுவரை அறிக்கையோடு நமக்குப் பிணக்கில்லை. அடுத்த படிதான் இடறுகிறது. பசி குறையும் என்ற முடிவு, கூடுதல் விளைச்சலை வைத்தே எட்டப்பட்டது. விளைந்தது யார் கையில் சேர்கிறது என்பது அக்கணக்கில் இல்லை.

அதே மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டைப் பாருங்கள். அங்கே ஆண்கள் நிலக்கடலை பயிரிட்டார்கள். சதுப்பு நிலத்தில் நெல் பயிரிட்டவர்கள் பெண்கள். 1984-இல் ஜஹாலி-பச்சார் என்ற இடத்தில் பாசனத் திட்டம் தொடங்கியது. பெண்களுக்கு நிலம் தருவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆண்டுக்கு இருபோகம் வந்தது, விளைச்சலும் உயர்ந்தது. ஆனால் அவ்வயல்கள் நடைமுறையில் 'குடும்பப் பொது வயல்' ஆகிவிட்டன. உழைப்பு பெண்களுடையது, அறுவடை நெல் குடும்பத் தலைவரின் பொறுப்பில். தம் சொந்த நெல்லை இழந்த பெண்களில் சிலர் கூலி கேட்டார்கள். சிலர் வேலைக்கு வரவே மறுத்தார்கள். விளைச்சலை மட்டும் எண்ணுபவருக்கு இது வெற்றி. அந்தப் பெண்களுக்கு?

பெண் கையில் வருமானம் இருந்தால் குழந்தைகளின் உணவுக்கும் உடல்நலத்துக்கும் கூடுதலாகச் செலவாகிறது என்று இவ்வறிக்கையே எழுதுகிறது. எழுதியதைத் தன் கணக்கில் சேர்க்காததே அதன் குறை. மூட்டையில் இருக்கும் தானியம் தானாகக் குழந்தையின் தட்டுக்கு வந்துவிடாது. மழை பொய்த்த ஆண்டில் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமையும் வேண்டும். சமைக்கவும் குழந்தைக்கு ஊட்டவும் நேரமும் வேண்டும்.

இவற்றையும் அளக்க முடியும். சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து 2012-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். சாகுபடி முடிவு, உடைமை, வருமானம், ஊர்த் தலைமை, நேரம் என்ற ஐந்தையும் அது பார்க்கிறது. வீட்டுவேலையும் வெளிவேலையும் சேர்ந்து நாளுக்கு 10.5 மணி நேரத்தைத் தாண்டினால், நேரத்தைப் பொறுத்தவரை அப்பெண் குறைபட்டவள் என்பது அதன் விதி. உணவு வேளாண்மை நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட புதிய அறிக்கையில், பெண்களின் அதிகாரத்தை வளர்க்கும் திட்டங்கள் கூடுதல் பலன் தருவதாக ஏற்றுக்கொண்டது. இது வரவேற்கத்தக்க திருத்தம்.

மாணவர்களே! பெண்கள் முன்னேற்றத் திட்டம் எதைப் பற்றிப் படித்தாலும் அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நிலம் யார் பெயரில்? விற்ற பணம் யார் கையில்? இதனால் அவளுடைய வேலைநேரம் கூடியதா, குறைந்ததா? இவற்றுக்கு விடை சொல்லாத அறிக்கையில் விளைச்சல் எத்தனை சதவீதம் உயர்ந்திருந்தாலும், அது பாதிக் கணக்குத்தான்.