மருத்துவ முடிவெடுத்தலின் சிக்கல் அளவு: அமெரிக்கக் குறியீட்டு அட்டவணை குறித்த ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் ஒருவர் மருத்துவரின் அலுவலகத்துக்குப் போய் உடம்பைக் காட்டிவிட்டு வந்தால், அந்தச் சந்திப்பு ஐந்து இலக்க எண் ஒன்றாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் செல்கிறது. புதிய நோயாளிக்கு 99202 முதல் 99205 வரை; ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவருக்கு 99211 முதல் 99215 வரை. எண் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அன்றைய தினம் மருத்துவர் செலவிட்ட மொத்த நேரத்தை வைத்தும் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றபடி அதைத் தீர்மானிப்பது 'மருத்துவ முடிவெடுத்தலின் சிக்கல் அளவு' என்னும் அளவுகோல். மருத்துவரின் குறிப்பைப் படித்து இந்த எண்ணைப் போடுவதையும் சரிபார்ப்பதையும் சென்னை, கோவை, திருச்சி ஆகிய ஊர்களில் மெடிக்கல் கோடர்களாக இருக்கும் நம் பிள்ளைகள் பலர் செய்கிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தி பயிற்சிக் காலத்தில் கொண்டுவந்து காட்டியபோதுதான் அந்த ஒரு பக்க அட்டவணையை நானும் பார்த்தேன். அது தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பழைய முறையும் மாற்றமும்

1995, 1997 ஆம் ஆண்டுகளின் விதிகளில் எண்ணிக்கைக்கே முதலிடம். நோய் வரலாற்றில் எத்தனை கூறுகள் கேட்கப்பட்டன, உடலின் எத்தனை மண்டலங்கள் பரிசோதிக்கப்பட்டன என்று கணக்குப் பார்த்தார்கள். கணினிப் பதிவுகள் வந்தபின் முந்தைய குறிப்பை நகலெடுத்து ஒட்டினாலே எண்ணிக்கை நிறைந்துவிடும். முழங்கால் வலிக்கு வந்தவரின் குறிப்பு பக்கம் பக்கமாக நீண்டது. முழங்காலைப் பற்றி அதில் இரண்டு வரி இருந்தது.

2018இல் மெடிகேர் நிர்வாகம் 2 முதல் 5 வரையான நிலைகளுக்கு ஒரே கட்டணம் என்று முன்மொழிந்தது. மருத்துவர் அமைப்புகள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கம் வகுத்த புதிய முறை 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 99201 என்ற எண் அப்போது நீக்கப்பட்டது. வரலாறும் பரிசோதனையும் தேவைக்கேற்ப இருந்தால் போதும், அவற்றுக்கு மதிப்பெண் இல்லை என்று ஆயிற்று. இது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூன்று பத்திகள்

புதிய அட்டவணையில் மூன்று பத்திகள்: கையாளப்பட்ட நோய்ப் பிரச்சினைகள், ஆராயப்பட்ட தரவுகள், சிகிச்சை முடிவிலுள்ள ஆபத்து. ஒவ்வொன்றும் எளியது, குறைவு, நடுத்தரம், உயர்வு என நான்கு படிகளில் ஏறும். மூன்றில் இரண்டு பத்திகள் ஒரு படியை எட்டினால் அந்தப் படி கிடைக்கும். (99211 மட்டும் இந்தக் கணக்கில் வராது.)

அட்டவணையைவிட அதன் பின்னாலுள்ள சொல்விளக்கங்களே முக்கியம். எடுத்துக்காட்டாக 'நிலையான நாட்பட்ட நோய்' என்ற தொடர். மூன்று சந்திப்புகளாக ஒருவருக்கு இரத்த அழுத்தம் 150க்குக் குறையவில்லை. மாறாமல் இருப்பதால் நிலையானது என்று அகராதி சொல்லும். விதி அப்படிச் சொல்லவில்லை. அந்த நோயாளிக்கென வகுத்த சிகிச்சை இலக்கை எட்டியிருந்தால்தான் நிலையானது. எட்டாதவரை, அளவு மாறாமல் இருந்தாலும் அது நிலையற்றதே. மருத்துவர் அன்று மருந்தின் அளவைக் கூட்டியிருந்தால் பிரச்சினையும் நடுத்தரம், ஆபத்தும் நடுத்தரம், எண் 99214. அகராதிப் பொருளை நம்பிய கோடர் பிரச்சினையைக் குறைவு என்று எடுத்து 99213 போட்டுவிடுவார். ஒரு சொல்லின் பொருளில் ஒரு படி போய்விடுகிறது. கலைச்சொல்லை வழக்குச்சொல்லாக வாசிக்கும் இந்தப் பிழையை வகுப்பறையில் நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அங்கே அதனால் யாருக்கும் பண நட்டம் இல்லை.

இரண்டாவது நுட்பம், இறுதியில் கண்டறிந்த நோய் மட்டுமே சிக்கலைத் தீர்மானிப்பதில்லை என்பது. நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார். மாரடைப்பாக இருக்குமோ என்று மருத்துவர் ஆராய்கிறார். இசிஜி எடுத்து, காரணங்களை எழுதி, அது அல்ல என்று ஒதுக்குகிறார். கடைசியில் இரைப்பை அமிலம் மேலேறியதுதான் காரணம் என்று மருந்து எழுதித் தருகிறார். கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இது சாதாரண நெஞ்செரிச்சல், 99213. விதிப்படி மருத்துவர் எதிர்கொண்டது உயிருக்கு ஆபத்தாகக்கூடிய ஒரு சாத்தியம். பிரச்சினைப் பத்தி உயர்கிறது. மருந்து எழுதி நிர்வகித்ததால் ஆபத்துப் பத்தி நடுத்தரம். ஆக 99214. இசிஜியை வாசித்ததற்கு அதே மருத்துவர் தனிக் கட்டணம் பெற்றிருந்தால், அதைத் தரவுப் பத்தியில் மீண்டும் சேர்க்கக் கூடாது. விடையை மட்டும் பாராமல் வழிமுறைக்கும் மதிப்பெண் தரும் இந்த விதியே அட்டவணையின் பெருமை என்பேன்.

ஆபத்துப் பத்தியில் இன்னொரு வரியும் மனத்தைத் தொட்டது. வறுமை, வீடின்மை போன்ற சமூகக் காரணங்கள் சிகிச்சையைக் கணிசமாகத் தடுத்தால் அதுவும் நடுத்தர ஆபத்து. இன்சுலின் வாங்கப் பணமில்லாதவருக்கு வைத்தியம் பார்ப்பது கடினம் என்பதைக் கட்டண விதி ஒன்று ஒப்புக்கொள்கிறது.

எண்ணும் பழக்கம் போகவில்லை

குறை இருப்பது தரவுப் பத்தியில். நடுத்தரத்தை எட்ட ஒரு வழி, வெளிக் குறிப்புகள், சோதனைகள் முதலியவற்றில் ஏதேனும் மூன்று சேர்வது. வெளியிலிருந்து வந்த குறிப்புகளை எத்தனை பக்கம் படித்தாலும், ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் ஒன்றுதான். பதினான்கு அளவீடுகள் கொண்ட வளர்சிதைமாற்றச் சோதனைத் தொகுப்பும் ஒன்றுதான். தனித்தனிக் குறியீடுள்ள மூன்று சிறு இரத்தச் சோதனைகளை எழுதித் தந்தால் மூன்று. வாசலில் விரட்டிய பழைய எண்ணிக்கை கொல்லை வழியாக வந்துவிட்டது.

இதில் அதிகம் இழப்பவர் சோதனையே வேண்டாம் என்று யோசித்து முடிவெடுக்கும் மருத்துவர். முதுகுவலிக்கு ஸ்கேன் தேவையில்லை என்று நோயாளிக்குப் புரியவைப்பதற்கு ஸ்கேன் எழுதித் தருவதைவிடக் கூடுதல் அறிவும் பொறுமையும் வேண்டும். நோயாளியோடு கலந்து பேசி, பரிசீலித்து, வேண்டாம் என்று விட்ட சோதனையையும் கணக்கில் எடுக்கலாம் என்று வழிகாட்டி இப்போது சொல்கிறது. ஆனால் அந்தப் பேச்சு குறிப்பில் இருக்க வேண்டும். நேரம் குறைந்த மருத்துவர் எதை எழுதாமல் விடுவார் என்றால், முதலில் இதைத்தான்.

நீண்டகாலம் ஒரே நோயாளியைப் பொறுப்பேற்றுப் பார்க்கும் உழைப்பும் மூன்று பத்திகளில் எதிலும் சரியாக அடங்கவில்லை. 2024 முதல் ஜி2211 என்ற கூடுதல் குறியீட்டுக்கு மெடிகேர் பணம் தரத் தொடங்கியதை, அட்டவணைக்கு வெளியே மிச்சம் இருந்ததற்கான ஒப்புதலாகவே நான் வாசிக்கிறேன். 99215க்கு 40 நிமிடம் என்ற நேரக் கணக்கும் ஒரு மாற்றுவழிதான். அனுபவத்தால் பத்து நிமிடத்தில் கடினமான முடிவை எடுப்பவருக்கு அதனால் பயனில்லை.

கோடரின் இடம்

எண்ணை உயர்த்திப் போட்டால் மெடிகேர் நோயாளி தன் பங்காகக் கட்டும் 20 சதவீதமும் உயரும். தெரிந்தே செய்தால் பொய்க் கோரிக்கைச் சட்டம் பாயும். தாழ்த்திப் போட்டால் செய்த வேலைக்கான கூலி மருத்துவருக்குக் குறையும். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். மாணவன் தெரிந்துதான் எழுதியிருப்பான் என்று தோன்றும். தாளில் இல்லாததற்கு மதிப்பெண் போட முடியாது. அவனைக் கூப்பிட்டுக் கேட்க வழியும் இல்லை.

கோடருக்கு அந்த வழி உண்டு. 'அழுத்தம் 150, மருந்தைத் தொடரவும்' என்று மட்டும் குறிப்பில் இருந்தால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்பலாம். 'இது நிலையற்றது என்று எழுதலாமா?' என்று விடையைக் காட்டிக்கொடுக்கும் விதத்தில் கேட்கக் கூடாது. 'இந்நோயாளிக்குரிய சிகிச்சை இலக்கு என்ன, இன்றைய நிலை என்ன?' என்று கேட்கலாம்.